நாஞ்சில் நாட்டில் ஓர் அம்பாசிடர்: வீட்டு முற்றத்துப் பராமரிப்பின் நினைவுகள்

மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1957ஆம் ஆண்டளவில் தொடங்கி 2014 மே மாதம் வரை தயாரிக்கப்பட்ட அம்பாசிடர் கார், இங்கிலாந்தின் மோரிஸ் நிறுவனம் உருவாக்கிய ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் அமைப்பைப் பெருமளவு அப்படியே வைத்துக்கொண்டதனால், அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே வகையான இயந்திர அறிவை இந்திய வீடுகளுக்குள் புழங்கச் செய்தது. அது உறுதியான வண்டி, பள்ளம் மேடு பாராமல் ஓடும் வண்டி என்று புகழப்படுவதுண்டு. அந்தப் புகழ் பாதியளவே உண்மையாகும். அம்பாசிடர் அடிக்கடி பழுதான வண்டி. எண்ணெய் கசிந்தது, மழையில் நின்றது, வெயிலில் திணறியது, துருப்பிடித்தது. அவ்வாறிருந்தும் அது குடும்பங்களில் முப்பது, நாற்பது ஆண்டுகள் நிலைத்ததற்குக் காரணம், பழுது எங்கே என்பதை வீட்டில் இருப்பவரே கண்ணாலும் காதாலும் மூக்காலும் அறிந்துகொள்ள முடிந்ததும், அறிந்ததைச் சில ஸ்பானர்களைக் கொண்டு தம் முற்றத்திலேயே சரிசெய்ய முடிந்ததுமே ஆகும்.

இந்த அறிவு எல்லா ஊர்களிலும் ஒரே வடிவில் இருந்ததில்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டத்தில், குறிப்பாகத் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களைக் கொண்ட நாஞ்சில் நாட்டில், வண்டிக்கு வரும் நோய்களை நிலமே தீர்மானித்தது. தமிழ்நாட்டின் பிற பகுதிகள் பெரிதும் ஒரு பருவமழையையே நம்பியிருக்க, இங்கே இடவ மாதத்தின் பாதியில் தொடங்குவதால் இடவப்பாதி என்று வழங்கும் தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசி கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டும் பெய்கின்றன. கடல் எந்த ஊருக்கும் வெகுதொலைவில் இல்லை. சுவாமித்தோப்புப் பக்கத்து உப்பளங்களைத் தாண்டி வரும் காற்றில் உப்பு இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசி முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, பொடிமணலையும் புழுதியையும் வண்டியின் ஒவ்வொரு இடுக்கிலும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வடக்கே கீரிப்பாறை, பாலமோர் போன்ற மலைப்பகுதிகளுக்குப் போனால் ஏற்றமும் இறக்கமும் இஞ்சினையும் பிரேக்கையும் ஒருசேரச் சோதிக்கின்றன. ஒரு மணி நேரத்துக்குள் கடற்கரையிலிருந்து மலையடிவாரம் சென்றுவிடக்கூடிய இத்தகைய நிலத்தில், வண்டியைப் பற்றிச் சிறிதும் தெரியாமல் வண்டி வைத்திருப்பது எளிதாக இருக்கவில்லை.

இக்கட்டுரையாளரின் தந்தையார் பள்ளி ஆசிரியர். நாகர்கோவிலை அடுத்த ஊரில் குடியிருந்தவர். எண்பதுகளின் பிற்பகுதியில் அவர் வாங்கிய மார்க் 4 அம்பாசிடர், அவர் கைக்கு வரும்போதே பழைய வண்டி. மார்க் 4 என்பது 1979 முதல் வெளிவந்த வடிவம். அதன் பெட்ரோல் இஞ்சின் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. நான்கு சிலிண்டர்கள் கொண்டது. பானட்டைத் திறந்தால் இஞ்சினைச் சுற்றிக் கை நுழைந்து வேலை செய்யும் அளவுக்கு இடம் இருந்தது; இந்த ஒரு வசதியே வீட்டுப் பராமரிப்பின் பெரும்பகுதியைச் சாத்தியமாக்கியது. ஸ்டார்ட்டரைச் சுழற்ற முடியாத அளவுக்குப் பேட்டரி வலுவிழந்தாலும் முன்புறத் துளையில் ஹேண்டிலை நுழைத்துக் கையால் சுழற்றி இஞ்சினை எழுப்பிவிடலாம். அவ்வாறு சுழற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமாகவே மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவ்வீட்டுப் பிள்ளைகள் முதலில் கற்ற பாடம். இஞ்சின் எதிர்த்திசையில் உதைத்தால், ஹேண்டிலைச் சுற்றிப் பிடித்த கட்டைவிரல் முறிந்துவிடும்.

வண்டிக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. எந்த மாதம், எத்தனை கிலோமீட்டரில், எந்தப் பொருள், என்ன விலைக்கு மாற்றப்பட்டது என்பதோடு, பழுது எந்தச் சூழலில் தோன்றியது என்பதும் அதில் எழுதப்பட்டது. திருவிதாங்கூரில் பிறந்து வளர்ந்தவராதலால் தந்தையார் மாதங்களைக் கொல்லம் ஆண்டு முறைப்படி மேடம், இடவம், மிதுனம் என்றே குறித்தார். அதனால் நோட்டைப் புரட்டினாலே மழைக்கும் பழுதுக்கும் உள்ள உறவு கண்ணில் பட்டது: மிதுனத்திலும் துலாத்திலும் மின்சாரக் கோளாறுகள், மேடத்தில் பெட்ரோல் கோளாறுகள். பட்டறைகளில் ஆசான் என்று மரியாதையோடு அழைக்கப்பட்ட மூத்த மெக்கானிக்குகள் இதே விவரங்களை மனத்தில் வைத்திருந்தார்கள். ஓர் ஆசிரியர் அவற்றைத் தாளில் வைத்தார் என்பதே வேறுபாடு.

ஓடாத வண்டியை அணுகும் முறை மாறாத ஓர் ஒழுங்கைக் கொண்டிருந்தது. பெட்ரோல் இஞ்சின் எழுவதற்கு வேண்டியவை நான்கே: உரிய நேரத்தில் பொறி, உரிய அளவில் பெட்ரோல், அதோடு கலக்கும் காற்று, அக்கலவையை இறுக்கும் அமுக்கம். இவற்றுள் எது இல்லை என்பதைக் கண்டறியாமல் எதையும் கழற்றக்கூடாது என்பது தந்தையாரின் விதி. “மொதல்ல கரண்டு இருக்கான்னு பாரு மக்கா, பொறவு பெட்ரோல்” என்பதே அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல்லாக இருந்தது. ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரை மீண்டும் மாட்டி, பிளக்கின் உலோக உடலை இஞ்சின் மீது படும்படி வைத்து, ஒருவர் ஸ்டார்ட்டரை இயக்க மற்றவர் பார்த்தால், பொறி வருகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். நீல நிறத்தில் சடசடவென்று வந்தால் மின்சாரம் நலமாக உள்ளது. மஞ்சளாக மெலிந்து வந்தால் வலுக்குறைவு. வராவிட்டால் தேடலை அங்கிருந்தே பின்னோக்கித் தொடங்க வேண்டும்.

அந்தப் பின்னோக்கிய தேடலுக்கு மின்சாரத்தின் வழி தெரிந்திருக்க வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் காயில் என்னும் கம்பிச்சுருளுக்குள் ஓடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்னும் இரு உலோக முனைகள், சுழலும் தண்டு தள்ளுவதால் பிரியும் கணத்தில் அந்த ஓட்டம் அறுபட்டு, சுருளில் பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் எழுகிறது. அது 1, 3, 4, 2 என்னும் வரிசையில் நான்கு பிளக்குகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. பாயிண்ட் முழுதாகத் திறந்த நிலையில் இரு முனைகளுக்கும் இடையே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பிளக்கின் முனையில் ஆயிரத்தில் 25 பங்கு. இவ்விடைவெளிகளை அளக்க ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய எஃகுத் தகடுகளின் அடுக்கு பயன்பட்டது. பாயிண்ட்டுக்கு அருகே பொருத்தப்பட்ட கண்டென்சர் என்னும் சிறு உருளை, முனைகள் பிரியும்போது அங்கேயே பொறி எரிந்து வீணாகாமல் காக்கிறது. முனைகளில் ஒன்றில் குழியும் மற்றதில் மேடும் விரைவாக உண்டானால், தேய்த்துச் சமப்படுத்துவதோடு நில்லாமல் கண்டென்சரையும் சந்தேகிக்க வேண்டும்.

இடவப்பாதிக் காலையில் வண்டி எழாமல் போனதன் காரணம் பெரும்பாலும் இவ்வளவு ஆழத்தில் இருந்ததில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் இரவின் ஈரம் படிந்திருக்கும். உயர் அழுத்த மின்சாரம் பிளக்குக்குப் போவதற்குப் பதிலாக அந்த ஈரத்தின் வழியே கசிந்துவிடும். மூடியைக் கழற்றி, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, அடுப்பருகே சிறிது நேரம் வைத்துத் திரும்ப மாட்டினால் வண்டி எழும். அப்படியும் எழாவிட்டால் மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். மயிரிழை போன்ற கறுத்த கோடு ஒன்று தெரிந்தால், மின்சாரம் அங்கே நிலையான தடம் போட்டுவிட்டது என்று பொருள். எவ்வளவு துடைத்தாலும் அம்மூடி இனி மழைக்கு ஆகாது.

கழற்றிய பிளக்கைத் துடைப்பதற்கு முன் அதைப் படிக்க வேண்டும் என்பது அடுத்த பாடம். முனை இளம் பழுப்பு நிறத்தில் இருந்தால் இஞ்சின் நலமாக எரிகிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது சூடு அதிகம். எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வின் வழிகாட்டிக் குழாயோ தேய்ந்து, இஞ்சின் எண்ணெய் எரியும் அறைக்குள் வருகிறது. நான்கு பிளக்குகளையும் கழற்றிய வரிசையிலேயே திண்ணையில் அடுக்கிவைத்தால், எந்தச் சிலிண்டர் மட்டும் மாறுபடுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இம்முறையின் முழு வலிமையையும் காட்டிய பழுது ஒன்று தொண்ணூறுகளின் நடுவில் அவ்வண்டிக்கு நேர்ந்தது. நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் நோக்கிப் போகும்போது, வில்லுக்குறியைத் தாண்டித் தக்கலையை நெருங்குகையில் இஞ்சின் திணறி நின்றுவிடும். சிறிது நேரம் சாலையோரத்தில் காத்திருந்தால் ஒன்றும் நடவாதது போல மீண்டும் எழும். மேலும் சில மைல்களில் மறுபடியும் நிற்கும். பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். பெட்ரோல் பம்ப்பின் சவ்வை மாற்றினார்கள். சூடேறினால் காயில் செயலிழக்கும் என்று கருதிக் காயிலையும் மாற்றினார்கள். மூன்றுமே நியாயமான சந்தேகங்கள்தாம். மூன்றினாலும் பழுது தீரவில்லை. தந்தையார் அதன்பின் எதையும் மாற்றாமல், நின்ற நேரங்களை மட்டும் நோட்டில் குறித்துவந்தார். மூன்று செய்திகள் அதிலிருந்து கிடைத்தன. மழை நாளின் குளிரிலும் வண்டி நின்றது. ஆகவே சூடு காரணமன்று. டேங்க் நிறைந்திருந்த நாட்களில் விரைவாகவும், பாதியாக இருந்த நாட்களில் தாமதமாகவும் நின்றது. வழியில் பெட்ரோல் போட்ட நாளில் மட்டும் நிற்கவே இல்லை.

முதல் செய்தி காயிலை விலக்கியது. மூன்றாவது செய்தி பெட்ரோல் டேங்கின் மூடியைச் சுட்டியது. பெட்ரோல் குறையக் குறைய அதன் இடத்தை நிரப்ப வெளிக்காற்று டேங்கினுள் வர வேண்டும். அதற்கென்று மூடியில் ஒரு சிறு துளை உண்டு. அத்துளை இல்லாவிட்டாலோ அடைபட்டாலோ உள்ளே வெற்றிடம் உருவாகி, அந்த இழுப்பை மீறிப் பெட்ரோலை உறிஞ்ச முடியாத நிலை பம்ப்புக்கு வந்துவிடும். டேங்க் நிறைந்திருக்கும்போது மேலே காற்றுக்கு இருக்கும் இடம் சிறியதாதலால், கொஞ்சம் பெட்ரோல் குறைந்தாலே வெற்றிடம் வலுவாகிவிடுகிறது. இரண்டாவது செய்திக்கு விளக்கம் இதுவே. அடுத்த முறை வண்டி நின்றபோது அவர் பானட்டைத் தொடாமல் நேரே பின்பக்கம் போய்ப் பெட்ரோல் மூடியைத் திருகினார். காற்று உஸ்ஸென்று உள்ளே பாய்ந்தது. வண்டி உடனே எழுந்தது. முன்பு எப்போதோ பழைய மூடி தொலைந்து, அதற்கு மாற்றாகப் போடப்பட்ட மூடியில் துளையே இல்லை என்பது அதன்பின் தெரிந்தது. ஊசித்துளை ஒன்றோடு அப்பழுது முடிந்தது. சந்தேகப்பட்டதையெல்லாம் மாற்றிப் பார்ப்பது பழுதறிதல் ஆகாது. எது எப்போது நடக்கிறது, எப்போது நடக்கவில்லை என்று கவனித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே பழுதறிதல் ஆகும். இக்கட்டுரையாளர் பிற்காலத்தில் வேறு துறைகளில் கண்ட எந்த ஆய்வு முறையும் இதைவிடத் தெளிவாக இருந்ததில்லை.

இதற்கு நேர்மாறாக, சூட்டினால் உண்டாகும் பழுதும் உண்டு. சித்திரை வெயிலில் திருநெல்வேலியிலிருந்து திரும்புகையில், ஆரல்வாய்மொழிப் பக்கம் லாரிகளின் பின்னே ஊர்ந்து வந்தால், இஞ்சினை ஒட்டிய குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவிக்குமிழிகளாகிவிடும். திரவத்தைத் தள்ளுவதற்கென்று அமைந்த பம்ப் ஆவியைத் தள்ள இயலாமல் ஓயும். இதை ஏர் லாக் என்றே ஓட்டுநர்கள் சொன்னார்கள். ஈரத்துணியைப் பம்ப்பின் மீதும் குழாயின் மீதும் சுற்றினால் ஆவி மீண்டும் திரவமாகிவிடும். அதற்காகவே டிக்கியில் ஒரு துணியும் தண்ணீர்க் குப்பியும் எப்போதும் இருந்தன.

தண்ணீரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கடற்கரை ஊர்களின் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகள், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்து அடைப்பை உண்டாக்கும். நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணையின் நீர் மலையடிவாரத்திலிருந்து வருவதால், ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீரே நல்லது என்று அவ்வீட்டில் கருதப்பட்டது. கூலன்ட் என்னும் துருத்தடுப்புக் கலவை எளிதாகக் கிடைக்கத் தொடங்கியபின் அதுவும் சேர்க்கப்பட்டது. தண்ணீர் காரணமின்றிக் குறைந்துகொண்டே வந்தால், எண்ணெய் அளக்கும் கம்பியையும் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியையும் பார்ப்பார்கள். அங்கே பால் கலந்தது போன்ற வெண்பசை படிந்து, புகைக்குழாயில் வெள்ளைப் புகையும் விடாமல் வந்தால், இஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடற்பகுதிக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் உடைந்து தண்ணீர் உள்ளே கசிகிறது. அத்துடன் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோலின் விற்பனை 2000 பிப்ரவரி 1 முதல் நிறுத்தப்பட்டது. காற்றின் நலத்துக்கும் குழந்தைகளின் மூளை நலத்துக்கும் அது இன்றியமையாத முடிவு. ஆனால் பழைய இஞ்சின்களுக்கு அது ஒரு புதிய கவனிப்பைக் கட்டாயமாக்கியது. எரிந்த புகை வெளியேறும் வால்வு வார்ப்பிரும்பாலான தன் இருக்கையில் ஒவ்வொரு முறை வந்து அமரும்போதும், ஈயத்தின் படிவு இடையே மெத்தையாக நின்று தேய்மானத்தைத் தடுத்துவந்தது. ஈயம் போனபின் அந்த இருக்கை மெல்லத் தேய்ந்து, வால்வு மேலும் மேலும் உள்வாங்கி அமர்ந்தது. அதனால் வால்வின் முனைக்கும் அதைத் தள்ளும் ராக்கர் என்னும் நெம்புகோலுக்கும் இடையிலுள்ள டாப்பட் இடைவெளி குறைந்தது. அவ்விடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு இருக்க வேண்டும். அது முற்றிலும் மறைந்தால் வால்வு முழுதாக மூடாமல், எரியும் வாயு அதன் விளிம்பைக் கருக்கிவிடும். டாப்பட் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், கேட்காமல் போனால்தான் பயப்பட வேண்டும் என்று பழைய ஆசான்கள் சொன்னதன் பொருள் அந்த ஆண்டுகளில் விளங்கியது.

டாப்பட்டைச் சரிசெய்வதற்கு இவ்வகை நான்கு சிலிண்டர் இஞ்சின்களில் ஒன்பது கணக்கு என்று சொல்லத்தக்க ஓர் அழகிய வழி உண்டு. எட்டு வால்வுகளையும் முன்னிருந்து பின்னாக 1 முதல் 8 வரை எண்ணிக்கொண்டு, இஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றி, எந்த வால்வு முழுதாகத் திறந்து நிற்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால், அப்போது சரிசெய்ய வேண்டிய வால்வின் எண் கிடைக்கும். எட்டாவது திறந்திருந்தால் முதலாவது. ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. நான்காவது திறந்திருந்தால் ஐந்தாவது. ஒன்றின் தள்ளுமுனை உச்சியில் இருக்கும்போது அதன் இணையினுடைய தள்ளுமுனை முற்றிலும் விலகி நிற்கும்படி வால்வுகளை இயக்கும் தண்டு வடிக்கப்பட்டிருப்பதே இதன் காரணம். ஞாயிற்றுக்கிழமைக் காலையில், இஞ்சின் ஆறியிருக்கும்போது, ஒருவர் ஹேண்டிலைத் திருக, மற்றவர் எண்ணைச் சொல்ல, மூன்றாமவர் தகட்டை நுழைத்துப் பார்க்க, கழித்தல் மட்டுமே தெரிந்த பிள்ளைகளும் அவ்வேலையில் சேர்ந்துகொள்ள முடிந்தது.

பிரேக்கின் நிலை வேறு. இஞ்சின் நின்றால் வண்டி நிற்கும், அவ்வளவே. பிரேக் நின்றால் வண்டி நிற்காது. ஆகவே வீட்டில் செய்யத்தக்கது எது, தகாதது எது என்ற எல்லை பிரேக்கில்தான் மிகக் கறாராக வகுக்கப்பட்டிருந்தது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் கொண்ட அவ்வண்டியில், மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தள்ளப்படும் பிரேக் ஆயில், சக்கரங்களிலுள்ள சிறு சிலிண்டர்களை விரித்து, பட்டைகளை டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. ஆயில் என்று பெயர் பெற்றாலும் இது இஞ்சின் ஆயிலைப் போன்றதன்று. கிளைக்கால் வகையைச் சேர்ந்த இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் ஏறிய திரவம் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால், பாலமோரிலிருந்து இறங்கும் நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் உள்ளே குமிழிகள் தோன்றி, மிதி வெறுமையாகத் தரை வரை போய்விடும். அதே ஈரம் சிலிண்டர்களின் உட்சுவரையும் துருப்பிடிக்கச் செய்யும். ஆண்டின் பெரும்பகுதி ஈரக்காற்று வீசும் இம்மாவட்டத்தில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது அத்திரவத்தை முழுதும் மாற்ற வேண்டும் என்பது மிகையான எச்சரிக்கை அன்று.

ஏர் எடுத்தல் எனப்படும் வேலைக்கு இருவர் வேண்டும். ஒருவர் மிதியைச் சிலமுறை மிதித்து அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் வண்டிக்கு அடியில் சக்கரத்தின் பின்னுள்ள நிப்பிளைத் தளர்த்தி, காற்றுக்குமிழிகளோடு வரும் திரவத்தை ஒரு குழாய் வழியே குப்பியில் பிடித்து, மிதி மேலெழுவதற்கு முன் நிப்பிளை இறுக்கிவிட வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள பின் இடச்சக்கரத்தில் தொடங்கி, அருகில் உள்ள முன் வலச்சக்கரத்தில் முடிப்பது முறை. இவ்வேலையில் மிதியின் பொறுப்பு இக்கட்டுரையாளரின் தாயாருடையது. அவர் வண்டி ஓட்டக் கற்றவரல்லர். ஆயினும் மிதி கல் போல நிற்கிறதா, மெத்தென்று அமுங்குகிறதா என்பதைக் காலாலேயே அறிந்து, அவர் சரி என்று சொல்லும் வரை வேலை முடிந்ததாகக் கொள்ளப்படவில்லை. சிலிண்டரே கசிந்தாலோ டிரம்மில் கீறல் விழுந்தாலோ வண்டி ஆசானிடம் போனது. இஞ்சினின் சிலிண்டர்களை லேத்துப் பட்டறையில் கடைந்து பெரிதாக்கும் வேலையும், கிராங்க் தண்டைத் தேய்க்கும் வேலையும் அவரைச் சேர்ந்தவையே.

கை கியரின் கோளாறை விரைந்து கடந்துவிடலாம். ஸ்டீயரிங் தண்டின் பக்கவாட்டில் அமைந்த கியர்க் கம்பியின் இணைப்புகளில் உள்ள புஷ் என்னும் சிறு வளையங்கள் தேய்ந்தால், இரண்டு கியர்களுக்கு நடுவில் கம்பி சிக்கிக்கொள்ளும். பானட்டைத் திறந்து அக்கம்பியைக் கையால் அசைத்து நடுநிலைக்குக் கொண்டுவந்தால் விடுபடும். நாகர்கோவில் வடசேரிச் சந்தை நெரிசலின் நடுவே பானட்டைத் திறந்து நின்ற அம்பாசிடர் ஓட்டுநர்களை அக்காலத்தில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றிலும் கொடிய பகை துருவே. பழைய ஜீப்புகளிலும் லாரிகளிலும் சேஸிஸ் என்னும் தனி இரும்புச் சட்டத்தின் மீது உடற்பகுதி அமர்ந்திருக்கும். அம்பாசிடருக்கு அத்தகைய தனிச்சட்டம் கிடையாது. மடித்துப் பற்றவைத்த தகடுகளாலான உடலே எடையைத் தாங்கும் எலும்புக்கூடும் ஆகும். ஆகவே கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியிலோ, பின்புற ஸ்பிரிங் பட்டைகள் தொங்கும் இடத்திலோ துரு விழுந்தால், அழகு மட்டுமல்லாமல் வண்டியின் வலிமையே குறைகிறது. கடற்கரை ஊர்களான முட்டத்துக்கோ மணக்குடிக்கோ போய்வந்த மறுநாள் வண்டியின் மேற்புறத்தைக் கழுவுவதைவிட அடிப்புறத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுவதே முதன்மையானது என்பதில் தந்தையார் உறுதியாக இருந்தார். கதவுகளின் அடிவிளிம்பில் நீர் வடியும் துளைகளை ஈர்க்குச்சியால் குத்தித் திறந்துவிடுவது மழைக்கு முந்தைய வேலை. மிதியடிகளைத் தூக்கித் தரைத்தகட்டை உலரவிடுவது மழைக்குப் பிந்தைய வேலை.

பழைய இஞ்சின் ஆயிலை அடிப்புறத்தில் பூசுவது அக்காலத்தில் பரவலாக இருந்த வழக்கம். துருவை அது ஓரளவு தடுத்தது உண்மையே. ஆனால் அந்த எண்ணெய் சொட்டுச் சொட்டாக முற்றத்து மண்ணிலும் அங்கிருந்து மழைநீரோடு வாய்க்காலிலும் சேர்ந்தது. நெல்வயலுக்கும் குளத்துக்கும் போகும் நீரில் கழிவெண்ணெயைக் கலந்த அவ்வழக்கம் தவறானது. மெழுகு சார்ந்த பூச்சுகள் கிடைக்கும் இன்று அதைத் தொடர்வதற்கு எந்த நியாயமும் இல்லை. துருவின் மீது பட்டியை அப்பிப் பெயின்ட் அடித்து மறைப்பதும் அதே அளவு தவறு. உள்ளே ஈரம் அடைபட்டு, வெளியே தெரியாமல் தகடு முழுதும் அரிக்கப்படுகிறது. துருவேறிய தகட்டை வெட்டி எடுத்துப் புதிய தகட்டைப் பற்றவைக்கும் டிங்கரிங் வேலையே உண்மையான தீர்வு.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோகக் கார்களின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் வண்டியை அதிகாரி முன் நிறுத்த வேண்டும். வீட்டில் ஒழுங்காகக் கவனிக்கப்பட்ட வண்டிக்கு அச்சோதனை அச்சம் தருவதாக இருக்கவில்லை. அண்மைக்காலத்தில் புதிய சிக்கல் எரிபொருளிலிருந்து வந்துள்ளது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் படிப்படியாக நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய வகை ரப்பர்க் குழாய்களையும் பம்ப் சவ்வுகளையும் கெடுக்கும். பழைய கார் வைத்திருப்போர் எத்தனாலைத் தாங்கும் வகைக் குழாய்களுக்கும் சவ்வுகளுக்கும் மாறுவதும், நெடுநாள் ஓட்டாத வண்டியின் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதிருப்பதும் நெருப்பு அபாயத்தைத் தவிர்க்கும் வழிகள்.

புதிய கார்களில் பாயிண்ட்டும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. உணர்கருவிகள் அளந்து கணினி தீர்மானிக்கிறது. இதனால் வீட்டுப் பராமரிப்பு முடிந்துவிட்டது என்று சொல்வது சோம்பலான முடிவு. கணினியோடு இணைக்கும் சிறிய ஸ்கேனர் கருவி, பழுதின் குறியெண்ணைக் காட்டும். ஆனால் அக்குறியெண் காட்டும் உறுப்பே பழுதான உறுப்பு என்று கொண்டு அதை மாற்றுவது, துளையில்லாத மூடியை விட்டுவிட்டுக் காயிலை மாற்றிய செயலுக்கு ஒப்பானது. பேட்டரி முனைகளில் உப்புக்காற்றால் பூக்கும் பொடியும், பூமி இணைப்புக் கம்பியின் துருவும், ஈரம் உறிஞ்சிய பிரேக் ஆயிலும் எந்தப் புதிய காரையும் விட்டுவைப்பதில்லை. 1962இல் வந்த அமெரிக்கத் தடைக்குப் பின் உதிரிப்பாகம் கிடைக்காத கியூபாவில், ஐம்பதுகளின் கார்களை மக்கள் இன்றும் ஓட்டுவது உலகறிந்த செய்தி. அங்கும் காரைக் காத்தது இரும்பின் தரத்தைவிடப் பழுதை ஆராயும் மக்களின் பழக்கமே.

நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் அம்பாசிடரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஆசான்கள் இன்னும் இருக்கிறார்கள்; அவர்களுள் பலர் வேலையிலிருந்து ஓய்ந்துவிட்டார்கள். உப்புக்காற்றும் இரு மழையும் உள்ள இந்நிலத்தில் எந்தப் பழுது எந்த மாதத்தில் வரும், எந்த ஒலிக்கு எது பொருள் என்று அவர்கள் அறிந்தவை, உத்தர்பாராத் தொழிற்சாலையின் கையேட்டில் இடம்பெற்றவை அல்ல. இம்மாவட்டத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் படிக்கும் மாணவர்களும், பழைய வண்டியை விற்காமல் வைத்திருக்கும் குடும்பத்தாரும் அந்த ஆசான்களைத் தேடிச் சென்று, கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். இப்போதே தொடங்க வேண்டும்.